சுவரோரத்து மேசை

தொழிற்பயிற்சி நிறுவனத்தின் வினாத்தாள் பிரிவுத் தலைவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் பூட்டு சார்தான். மேசைக்கு ஒரு பூட்டு, பீரோவுக்கு இரண்டு, பீரோச் சாவியை வைக்கும் பெட்டிக்கு ஒன்று என்று வைத்திருந்தார். சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டு போடுகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அது புரளி. டப்பாவின் மூடியைச் சுற்றி மெல்லிய நூல் ஒன்றைக் கட்டி வைப்பார், அவ்வளவுதான். யாராவது திறந்தால் தெரிந்துவிடும்.

வீட்டிலும் அவருக்கு ஓய்வு கிடையாது. காலையில் பால் வந்ததும் அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டுப் பார்ப்பார். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி கூடியது. நல்ல பாலில் குழாய் சற்று மேலேயே நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் கூடுதலாக அமிழும். ஒருநாள் குழாய் நன்றாக அமிழ்ந்துவிட்டது. மறுநாள் பால்காரரை வாசலிலேயே நிறுத்தி, பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்பதை ஆதியோடந்தமாக விளக்கி, இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அனுப்பி வைத்தார். உள்ளே வந்ததும் மனைவி சொன்னார்:

"தண்ணி ஊத்தினது நான். முந்தின நாள் பால் பாத்திரத்தோட அடியில ஒட்டியிருந்துச்சு. வீணாப் போகுதேன்னு தண்ணி விட்டு அலசி அதையும் இதுல ஊத்தினேன். வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாக்கெட் பால். அதிலும் குழாய் மிதக்கிறது.

இவ்வளவு சந்தேகம் பிடித்த மனுஷன் ஒன்றை மட்டும் மனசார நேசித்தார். ஆண்டுதோறும் நிறுவனத்தில் சேர வருகிறவர்களுக்கு வைக்கிற நுழைவுத் தேர்வின் அடிப்படை இயற்பியல் தாள் அது. இருபது கேள்விகள். அத்தனையும் அவரே எழுதுவார். மனப்பாடம் செய்தவனுக்கு மதிப்பெண் போகக்கூடாது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடமாடுகிறவனுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் வாய்பாடு எதுவும் கேட்க மாட்டார். வீட்டுச் சமையலறையையும் தெருவையும் வானத்தையும்தான் கேட்பார். ஒரே அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த மரப்பலகையும் இரும்புத் தட்டும் ஒரே சூட்டில்தான் இருக்கும். பிறகு இரும்பு மட்டும் ஏன் கைக்குச் சில்லென்று படுகிறது? இரும்பு நம் கையிலுள்ள சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது, பலகை அப்படிச் செய்வதில்லை, நம் கை பறிகொடுத்ததைத்தான் நாம் குளிர் என்கிறோம். இப்படி ஒரு விடையை யாராவது சொந்த வார்த்தையில் எழுதியிருந்தால் பூட்டு சார் அந்தத் தாளை இரண்டு முறை படிப்பார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த நேரத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

எழுதிய தாள் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பிரிவில் ஒரு முறை உண்டு. கையெழுத்துப் படியை ஒருவர் வாய்விட்டு வாசிப்பார். எதிரே உட்கார்ந்தவர் அச்சுப் படியில் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பார். கமா, புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் சேர்த்தேதான் வாசிக்க வேண்டும். வாசிக்கிற வேலையில் பதினாறு வருஷமாக இருந்தவரை எல்லோரும் வாசிப்பம்மா என்பார்கள். நாற்பத்தைந்து வயது, தெளிவான குரல், ஏற்ற இறக்கம் கிடையாது. "மழை வருமுன் எறும்பு, கமா," என்று அவர் வாசித்தால் எறும்பும் கமாவும் ஒரே மரியாதையோடு வெளியே வரும். ஒத்துப் பார்க்கிறவர் ப்ரூஃப் அண்ணன். மூச்சிரைப்புக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி.

அலுவலகம் இருந்தது ஒரு வட்ட மண்டபத்தில். எப்போதோ படக் கண்காட்சிக்கென்று கட்டியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அறுபது அடி இருக்கும். மேலே கூம்பிய கூரை, சுற்றிலும் வழவழவென்று பூசிய சுவர். தடுப்பு அறை ஒன்றுகூடக் கிடையாது. பூட்டு போடக்கூடிய ஒரே அறை காகிதக் கிடங்கு. அதில் ஜன்னல் இல்லை, ப்ரூஃப் அண்ணனை அதற்குள் உட்காரவைத்தால் கேள்வி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். அதனால் வாசிக்கிற மேசை பல வருஷமாக மண்டபத்தின் நட்டநடுவில் கிடந்தது. சுற்றிலும் பதினோரு எழுத்தர்கள், தட்டச்சுச் சத்தம், தொலைபேசி, நாற்காலி இழுக்கிற சத்தம். இத்தனைக்கும் நடுவில் யார் எதைக் கேட்டார்கள்?

இந்த வருஷம்தான் பூட்டு சாருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைச் சொறிந்ததைப் பார்த்தார். காதை ஏன் சொறிகிறான்? அன்று மத்தியானமே ஆள் வைத்து மேசையைத் தூக்கி மேற்குப் பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டார். எழுத்தர்கள் பக்கம் மறைப்பாக நான்கு பீரோக்களை வரிசையாக நிறுத்தினார். நேரான பீரோ வளைந்த சுவரோடு ஒட்டாது என்பதால் சுவரையொட்டி ஒரு ஆள் நடக்கிற சந்து இருந்தது. அதற்குள் மேசை கச்சிதமாக உட்கார்ந்தது. வாசிப்பம்மாவைச் சுவர்ப்பக்க நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"சுவர் பக்கமா திரும்பி, மெல்லமா வாசிங்க. ப்ரூஃப் அண்ணனுக்குக் கேட்டா போதும்."

வாசிப்பம்மா மேசையைப் பார்த்தார், பீரோக்களைப் பார்த்தார், அவரையும் ஒரு கணம் பார்த்தார். "சரிங்க சார்," என்றார்.

பதினைந்து நாள் கழித்து இயக்குநர் பூட்டு சாரைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். யாரோ ஒரு விண்ணப்பதாரர் கையால் எழுதியது. தனிப்பயிற்சி மையம் ஒன்றில் கைக்குக் கை மாறி, ஒரு நல்ல மனுஷர் கண்ணில் பட்டு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் எட்டுக் கேள்விகள். மின்னல் தெரிந்து எவ்வளவு நேரம் கழித்து இடி கேட்கிறது, அதை வைத்துத் தூரத்தை எப்படிச் சொல்வாய்? ஈரத்துணி வெயில் இல்லாத நாளிலும் காற்றடித்தால் ஏன் காய்கிறது? குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய குவளையின் வெளிப்பக்கம் ஏன் வியர்க்கிறது?  ஒவ்வொன்றும் பூட்டு சார் பெற்ற பிள்ளை.

"தாள் ரத்து. ஒரு வாரத்துல வேற தாள் போடுங்க," என்றார் இயக்குநர். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள்ள யாரால போச்சுன்னு எழுத்துல எனக்கு வேணும். யாரா இருந்தாலும் அன்னிக்கே வேலை கிடையாது. நீங்களா இருந்தாலும் சரி."

கடைசி வாக்கியத்தை அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். பூட்டு சாரும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். எட்டில் மூன்று கேள்விகளுக்குப் படம் உண்டு. சாய்ந்த பலகையில் உருளும் பந்து, இரண்டு குவளைகளை இணைக்கும் குழாய், கம்பியில் தொங்கும் எடை. காகிதத்தில் கேள்வி வரிக்கு வரி சரியாக இருந்தது. "படத்தைப் பார்க்க" என்ற வார்த்தைகூட இருந்தது. படம் மட்டும் இல்லை. ஆக, எடுத்தவருக்கு வார்த்தை தெரியும், படம் தெரியாது. படங்கள் ஓவியரிடமிருந்து நேராக அச்சகத்துக்குப் போகும். ப்ரூஃப் அண்ணன் கையிலுள்ள அச்சுப் படியில் படம் இருக்கும், கையெழுத்துப் படியில் இருக்காது. கையெழுத்துப் படியை வைத்திருக்கிற ஒரே ஆள் யார்?

அவருக்கே அது பிடிக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால் நெஞ்சு வலித்தது. பதினாறு வருஷம். ஆனால் சந்தேகம் அவர் நெஞ்சைக் கேட்டுக்கொண்டா வரும்? மறுநாள் விண்ணப்பப் பட்டியலை எடுத்துப் புரட்டினார். வாசிப்பம்மாவின் தங்கை மகள் பெயர் அதில் இருந்தது. அந்தப் பெண்ணை வாசிப்பம்மாதான் வளர்க்கிறார் என்று ஊருக்கே தெரியும். பூட்டு சார் பட்டியலை மூடி, பூட்டி, சாவியைப் பெட்டியில் போட்டு, அதையும் பூட்டினார். அவரைப் பொறுத்தவரை கணக்கு நேராகிவிட்டது.

இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. வெளியே போகிற எல்லோருடைய பையையும் சோதிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டார். எல்லோருடைய பையையும் காவலாளி பார்த்தார். வாசிப்பம்மாவின் பையை மட்டும் பூட்டு சார் தன் கையால் பார்த்தார். ஒரு குடை, ஒரு தலைவலித் தைலம், தண்ணீர் பாட்டில். குடையை விரித்தும் பார்த்தார்.  வாசிப்பம்மா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பின்னாலேயே பேருந்தில் போய், அவர் தெருமுனையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். யாரும் வரவில்லை. யாரும் போகவில்லை. மறுநாள் காலையில் வாசிப்பம்மா கையெழுத்துப் போடும்போது சாவகாசமாகச் சொன்னார்:

"நேத்து எங்க தெருவுல நின்னுட்டிருந்தீங்களாம் சார். தையல்கடைக்காரர் சொன்னார். பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருந்தீங்கன்னு கவலைப்பட்டார். உடம்பு சரியில்லையோன்னு."

பூட்டு சார் இருமினார். வேறு என்ன செய்வது?

புதிய தாள் தயாரானது. செவ்வாய்க்கிழமை காலையில் அதை வாசிப்புக்குக் கொடுத்தார். அறிக்கையும் தயார். எதுவானாலும் அந்தப் பிரிவில் வாசிப்பம்மா வாய்விட்டு வாசிக்காமல் வெளியே போகாது. இந்த ஒரு காகிதத்தை மட்டும் அவர் வீட்டிலேயே தட்டச்சு செய்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பொறுப்பானவர் என்ற இடத்தில் வாசிப்பம்மாவின் முழுப் பெயர். காரணம் என்ற இடத்தில் படம் இல்லாத கேள்விகளும் தங்கை மகளும். நாலு மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

"நான் அச்சகம் வரைக்கும் போயிட்டு வர்றேன். மத்தியானம் ஆகும்," என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்தார். அந்தக் கோடியில்தான் விண்ணப்பம் வாங்குகிற ஜன்னல். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அது திறந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் சுவரையொட்டி வளைந்த நீள பெஞ்சு, அதில் நுழைவுச் சீட்டு வாங்க வந்த பிள்ளைகள். அங்கே உட்கார்ந்தால் பீரோ வரிசையின் இரண்டு வாயும் தெரியும். வாசிப்பம்மா எழுந்து யாரிடமாவது எதையாவது கொடுத்தால் கண்ணில் படாமல் போகாது.

பெஞ்சில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. நடுவில் இடம் தாராளமாகக் காலியாகக் கிடக்க, ஏழெட்டுப் பேர் கடைசிக் கோடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காலை பதினொரு மணிக்கே தூக்கம் என்று பூட்டு சார் நினைத்துக்கொண்டார். ஒரு பெண் மட்டும் மடியில் நோட்டை வைத்துக் கண்ணை மூடியபடியே எழுதிக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தார். கவிதை எழுதுகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். ஊரையே சந்தேகப்பட்டவருக்குச் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகம் வரவில்லை.

அப்போது ஜன்னலில் பெயர் கூப்பிட்டார்கள். நான்கு பேர் மனமில்லாமல் எழுந்து போனார்கள். பூட்டு சார் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அங்கிள், அது எங்க இடம்," என்றான் நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன். "நீங்களும் பரீட்சை எழுதறீங்களா?"

"வயசானவங்க உக்காரக்கூடாதா?"

"உக்காருங்க. ஆனா பேசாதீங்க."

பூட்டு சார் முதுகைச் சாய்த்து, தலையையும் சுவரில் சாய்த்துப் பீரோக்களைப் பார்த்தார்.

"கேள்வி ஐந்து, புள்ளி," என்றது ஒரு குரல், அவர் காதுக்குள். "நிலா அடிவானத்தில் இருக்கும்போது பெரிதாகவும், கமா, உச்சியில் இருக்கும்போது சிறிதாகவும் தோன்றுகிறது, புள்ளி."

திடுக்கிட்டுத் திரும்பினார். பக்கத்தில் பேசுகிறவர் யாரும் இல்லை. அந்த நெட்டையன்தான், கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தலையைச் சுவரிலிருந்து எடுத்ததும் குரல் தேய்ந்துபோனது, எழுத்தர்களின் சத்தம் வந்து மூடியது. மறுபடி சாய்த்தார். "உண்மையில் அதன் அளவு மாறுகிறதா, கேள்விக்குறி." ஏற்ற இறக்கம் இல்லாத அதே குரல். அறுபது அடிக்கு அப்பால், நான்கு பீரோக்களுக்குப் பின்னால் இருக்கிற வாசிப்பம்மா, இவர் தோளில் மோவாயை வைத்துச் சொல்வதுபோல் சொன்னார்.

ஒரு நிமிஷம் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது. அடுத்த நிமிஷம் புரிந்துவிட்டது. இருபது வருஷம் இதைத்தான் பிள்ளைகளிடம் கேட்டுப் பிழைத்தவராயிற்றே. ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் நாலாபக்கமும் பரவி இல்லாமல் போகும். அதையே வாய்க்காலில் விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒலியும் அப்படித்தான். மண்டபத்தின் நடுவில் பேசினால் அது எல்லாத் திசையிலும் பரந்து, கூரைக்கும் ஏறி, மெலிந்துவிடும். வளைந்த சுவரையொட்டிப் பேசினால் சுவரில் பட்டுத் தெறிக்கும், தெறித்துப் போகிற வழியில் சுவர் மறுபடி வளைந்து குறுக்கே வரும், மறுபடி படும். இப்படிக் குட்டிக் குட்டித் தாவலாகச் சுவரைவிட்டு விலகாமலேயே இரண்டு பக்கமாகவும் வட்டமடித்து, நேர் எதிரே பெஞ்சின் இந்தக் கோடியில் வந்து ஒன்றுசேரும். சுவரில் காது வைத்தவனுக்குக் கேட்கும். நடுவில் உட்கார்ந்திருக்கிற பதினோரு எழுத்தர்களுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்காது. சுவர் வழவழப்பாக இருந்தால் கிசுகிசுப்பே போதும்.

மேசையை நடுவிலிருந்து எடுத்தது யார்? சுவர் பக்கம் திரும்பி மெல்லமா வாசிங்க என்று சொன்னது யார்? பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வாசித்த கேள்விகள் எட்டு. பெஞ்சில் ஆள் இருந்ததும் அந்த நேரம்தான். படத்தை யாராலும் வாசிக்க முடியாது. அதனால் படம் வரவில்லை. ஒவ்வொன்றாக வந்து அவர் தலையில் உட்கார்ந்தன. 

வாசிப்பு நின்றது. ப்ரூஃப் அண்ணன் ஏதோ கேட்கிறார். அவர் சுவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்ததால் பாதிதான் வந்தது. "...தங்கச்சி பொண்ணு... நல்லா படிக்குதா?"

"அவ எழுதல அண்ணே," என்றது வாசிப்பம்மாவின் குரல். "விண்ணப்பத்தை அப்பவே திருப்பி வாங்கிட்டேன்."

"...ஏம்மா?"

"மேசையை இங்க கொண்டுவந்து போட்டாரே, அன்னிக்குத்தான். இங்க உக்காந்ததும் புரிஞ்சுபோச்சு, இந்த மனுஷனுக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்ல. நாளைக்கு ஒரு கேள்வி வெளிய போச்சுன்னா வாசிக்கிறவ பேருதான் முதல்ல வரும். என் வீட்டுல ஒருத்தி பரீட்சை எழுதறான்னா கேக்கவே வேணாம். அழுதா. ரெண்டு வருஷமா இதுக்குன்னே படிச்சவ. அடுத்த வருஷம் எழுதலாம்னு சொல்லி வச்சிருக்கேன். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

பூட்டு சார் பார்த்தது முதல் பட்டியல். திரும்பப் பெற்றவர்களின் பெயர் எழுதுகிற நோட்டு ஒன்று ஜன்னலிலேயே, அவர் கைக்கெட்டும் தூரத்தில், நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"...சார்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"என்னத்தை அண்ணே சொல்றது? குடையை விரிச்சுப் பார்த்தாரு. தெருவுல வந்து நின்னாரு. வாயைத் திறந்து 'நீ எடுத்தியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லிட்டுத் திரியணும்?" தாள் ஒன்று புரளும் சத்தம் கேட்டது. "பதினாறு வருஷம் அண்ணே. அதுதான் கஷ்டமா இருக்கு. சரி, கேள்வி ஆறு, புள்ளி."

 வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல. பூட்டு சாருக்குக் காதிலிருந்து கழுத்து வரைக்கும் சூடு இறங்கியது. சட்டைப் பையில் இருந்த காகிதம் நெஞ்சில் குத்தியது. அவரையறியாமல் வாய் முணுமுணுத்தது:

"தப்பு என்னோடது."

கேள்வி ஆறு பாதியில் நின்றது.

ஒலி எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்பியும் போகும். அதுவும் அவருக்குத் தெரிந்த பாடம்தான். அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தார்.

"சார்?" என்றது சுவர். "நீங்களா?"

"நான்தான்மா."

"எங்க இருக்கீங்க?"

"விண்ணப்பம் வாங்கற பெஞ்சுல."

தூரத்தில் ப்ரூஃப் அண்ணன் "யார்கிட்டம்மா பேசறே?" என்று கேட்பது லேசாகக் கேட்டது. "சுவர்கிட்ட அண்ணே. கொஞ்சம் பொறுங்க." பிறகு இந்தப் பக்கம்: "எவ்வளவு நேரமா கேட்டுட்டிருக்கீங்க?"

"அஞ்சாவது கேள்வியில இருந்து."

"அப்போ எல்லாம் கேட்டாச்சு."

"கேட்டாச்சு." அவர் உதட்டைச் சுவரோடு வைத்துக்கொண்டார். நேருக்கு நேர் நின்று இதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்திருக்காது. "மேசையை நகர்த்தினது நான். அதனாலதான் போச்சு. இந்தப் பிள்ளைங்க இங்க உக்காந்து கேட்டு எழுதியிருக்காங்க. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

 பெஞ்சில் இருந்த பிள்ளைகள் கண்ணைத் திறந்து, சுவரோடு பேசுகிற பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோட்டுக்காரி நோட்டை மெதுவாக மூடினாள். நெட்டையன் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான், "இதுல திருப்பிப் பேசவும் முடியும்னு நமக்குத் தோணவே இல்ல பாரு."

"சார்," என்றது வாசிப்பம்மாவின் குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை, கமாவுக்கும் புள்ளிக்கும் கொடுக்கிற அதே குரல். "சுவர்கிட்ட சொன்னா எனக்கு என்ன ஆகும்? எழுத்துல கொடுங்க."

பூட்டு சார் அறிக்கையை வெளியே எடுத்தார். பிரித்தார். பொறுப்பானவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். இயக்குநர் பேச்சுக்குச் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. இப்போது அது பேச்சாக இல்லை. வேலை போகும். இருபது கேள்விகளும் போகும். அடுத்த வருஷம் வேறு யாரோ வாய்பாடு கேட்பார்கள். நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. பிள்ளைகள் ஒட்டுக்கேட்டார்கள் என்று மட்டும் எழுதினால் போதாதா, மேசையைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் முழங்காலை மேசையாக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மேசை எங்கே இருந்தது, எங்கே வைக்கப்பட்டது, யார் உத்தரவில். சுவர் எப்படி ஒலியைக் கடத்துகிறது. படங்கள் ஏன் வரவில்லை. புதிய தாளும் இன்று காலை எப்படிப் போனது. விளக்கம் வழக்கம்போலவே தெளிவாக வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். கடைசியில், என் உத்தரவைப் பார்த்து அஞ்சித் திரும்பப் பெறப்பட்ட விண்ணப்பம் ஒன்று உண்டு, அதை இந்த ஆண்டுத் தேர்விலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதி, அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதினார்.

எழுந்தார். சுவரோரமாகப் போகாமல் மண்டபத்தின் நடுவாக, பதினோரு எழுத்தர்களுக்கும் இடையே புகுந்து நடந்தார். அச்சகத்துக்குப் போனவர் கிழக்கு வாசலிலிருந்து வருகிறாரே என்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பீரோச் சந்துக்குள் நுழைந்து காகிதத்தை வாசிப்பம்மாவிடம் நீட்டினார்.

வாசிப்பம்மா வாய்விட்டு வாசிக்கவில்லை. கண்ணால் மட்டும், நிதானமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். தங்கை மகளின் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். ப்ரூஃப் அண்ணன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசிப்பம்மா காகிதத்தைத் திருப்பி முன்பக்கத்தையும் படித்தார். தட்டச்சு செய்த தன் முழுப் பெயரைப் பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. மறுபடி பின்பக்கத்துக்கே திருப்பி மேசையில் வைத்து, அடியில் காலியாகக் கிடந்த இடத்தை விரலால் காட்டினார்.

"கையெழுத்து இல்ல சார்."

பூட்டு சார் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வாசிப்பம்மா தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார், அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரைக்கும் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.